வன்தட்டுப் பழுதும் தரவு மீட்பும்

வன்தட்டுப் பழுது என்பது, கணினியில் தரவுகளை நிலையாகச் சேமித்து வைக்கும் வன்தட்டு அவற்றைப் படிக்கவோ புதிதாக எழுதவோ இயலாத நிலையை அடைவதாகும். வன்தட்டினை நிலைவட்டு, வன்வட்டு எனவும் அழைப்பர்; பேச்சு வழக்கில் ஹார்ட் டிஸ்க் என்பதே பரவலாக உள்ளது. பழுதடைந்த வன்தட்டிலிருந்து கோப்புகளை வெளியே எடுக்கும் முறைகள் தரவு மீட்பு எனப்படும். பழுதுகளுள் ஒரு பகுதியைச் சிறப்புக் கருவிகள் ஏதுமின்றி வீட்டிலேயே சரிசெய்யலாம். மற்றொரு பகுதியிலோ, வீட்டில் செய்யப்படும் ஒவ்வொரு முயற்சியும் மீட்கும் வாய்ப்பைக் குறைத்துவிடும். ஆகவே பழுது எவ்வகையைச் சார்ந்தது என்பதை முதலில் அறிதல் இன்றியமையாதது.

இக்கட்டுரை சுழலும் காந்தத் தட்டுகளைக் கொண்ட வன்தட்டுகளைப் பற்றியது. நகரும் பாகங்கள் இல்லாத திண்மநிலைச் சேமிப்பகங்கள் (எஸ்.எஸ்.டி.) குறித்து இறுதியில் சுருக்கமாகக் கூறப்பட்டுள்ளது.

அமைப்பும் இயக்கமும்

முதல் வன்தட்டு 1956 ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. ஐ.பி.எம். 350 எனப்பட்ட அது, 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகளைக் கொண்டிருந்தும் ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துருக்களையே சேமிக்க வல்லதாயிருந்தது. இன்று மேசைக் கணினிகளில் 3.5 அங்குல வகையும், மடிக்கணினிகளிலும் கையடக்க வெளிப்புறச் சேமிப்பகங்களிலும் 2.5 அங்குல வகையும் பயன்படுகின்றன.

வன்தட்டின் முக்கிய பாகங்கள் பின்வருமாறு:

* தட்டுகள் - அலுமினியம் அல்லது கண்ணாடியாலானவை. மேற்பரப்பில் மெல்லிய காந்தப் படலம் பூசப்பட்டிருக்கும்.
* சுழல் இயக்கி - தட்டுகளை நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுழற்றும் மின்னோடி.
* படிப்பு-எழுது தலைகள் - தட்டின் மேற்பரப்பைத் தொடாமல் மிதந்து தரவுகளைப் படிப்பவை.
* தலைகளைத் தாங்கி நகர்த்தும் கை.
* மின்சுற்றுப் பலகை - வன்தட்டின் அடிப்புறத்தில் திருகாணிகளால் பொருத்தப்பட்டிருப்பது.
* நிலைப்பொருள் - வன்தட்டு தன்னைத்தானே இயக்கிக்கொள்ளப் பயன்படுத்தும் நிரல். இதன் ஒரு பகுதி பலகையிலுள்ள சில்லிலும், மறுபகுதி தட்டிலேயே ஒதுக்கப்பட்ட இடத்திலும் இருக்கும்.

நிமிடத்திற்கு 7200 சுற்றுகள் என்பது நொடிக்கு 120 சுற்றுகளாகும். இவ்வேகத்தில் 3.5 அங்குல வகைத் தட்டின் வெளி விளிம்பு மணிக்குச் சுமார் 130 கி.மீ. விரைவில் செல்கிறது. அதற்கு மேலே சில நானோமீட்டர் இடைவெளியில் தலை மிதக்கிறது. மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70,000 நானோமீட்டர் என்பதை நோக்க, ஒரு தூசித்துகளும் இவ்விடைவெளியில் பாறை போன்றதே என்பது விளங்கும்.

பெரும்பாலான வன்தட்டுகள் காற்று புகாதவாறு அடைக்கப்பட்டவை அல்ல. உள்ளும் புறமும் காற்றழுத்தம் சமமாக இருக்கும் பொருட்டு, வடிகட்டியுடன் கூடிய சிறு மூச்சுத்துளை ஒன்று அவற்றில் உண்டு. இத்துளை தூசியைத் தடுக்கும். வெள்ள நீரைத் தடுக்காது. ஹீலியம் நிரப்பப்பட்ட உயர் கொள்ளளவு வன்தட்டுகள் மட்டும் முழுமையாக அடைக்கப்பட்டவை.

பழுதின் வகைகள்

1. தருக்கப் பழுது: வன்தட்டு நலமாக இருக்கும். கோப்புகள் எங்குள்ளன என்று குறித்துவைக்கும் கோப்பு முறைமை மட்டும் சிதைந்திருக்கும். மின்தடை, நச்சுநிரல், தவறுதலாக அழித்தல் ஆகியன இதன் காரணங்கள்.
2. இணைப்புப் பழுது: தரவுக் கம்பி, மின்கம்பி, மின்வழங்கி, வெளிப்புறப் பெட்டி ஆகியவற்றில் ஏற்படும் கோளாறு. வன்தட்டே பழுதானது போலத் தோற்றமளிக்கும்.
3. மின்னணுப் பழுது: மின்சுற்றுப் பலகை எரிந்தோ அரிக்கப்பட்டோ போதல்.
4. நிலைப்பொருள் பழுது: வன்தட்டு சுழன்றாலும் கணினிக்குத் தன்னை அடையாளப்படுத்திக்கொள்ளாமை. 2009 ஆம் ஆண்டு தொடக்கத்தில் சீகேட் நிறுவனத்தின் பாராகுடா 7200.11 வகை வன்தட்டுகளில் இத்தகைய கோளாறு பரவலாக வெளிப்பட்டு, அந்நிறுவனம் திருத்தப்பட்ட நிலைப்பொருளை வெளியிட்டது.
5. பரப்புப் பழுது: தட்டின் சில பகுதிகள் படிக்க முடியாதவாறு கெடுதல். இவை கெட்ட பிரிவுகள் எனப்படும்.
6. இயந்திரப் பழுது: தலைகள் உடைதல், தட்டில் உராய்தல், மின்னோடி சிக்கிக்கொள்ளல்.

முதலிரு வகைகள் பெரும்பாலும் வீட்டிலேயே தீரும். மூன்றாவதும் ஐந்தாவதும் ஓரளவிற்குத் தீரக்கூடியவை. நான்காவதும் ஆறாவதும் சிறப்புக் கருவிகள் வேண்டுபவை.

கடலூர் மாவட்டச் சூழல்

வன்தட்டுப் பழுதுக்கான புறக்காரணங்கள் பலவும் ஒருசேரக் காணப்படும் பகுதிக்குத் தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டம் ஓர் எடுத்துக்காட்டாகும்.

* கடல்நீர்: 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இம்மாவட்டக் கடற்கரையைக் கடுமையாகத் தாக்கியது. உப்புநீர் பட்ட மின்சுற்றுப் பலகையில் செம்பு விரைவாக அரிக்கப்படும்.
* புயல்: 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் பெருமளவில் சாய்ந்தன. இவ்வாறு அறுந்த மின்வழிகள் மீண்டும் இணைக்கப்படும் வேளையில் ஏற்படக்கூடிய மின்னழுத்த ஏற்றம் மின்வழங்கியையும் வன்தட்டின் பலகையையும் எரிக்க வல்லது.
* மின்வெட்டு: 2012 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் சென்னைக்கு வெளியே தமிழ்நாடு முழுவதும் நாள்தோறும் பல மணி நேர மின்வெட்டு நிலவியது. நிலக்கரி மின்நிலையங்கள் அமைந்த நெய்வேலிக்கு அருகிலுள்ள குறிஞ்சிப்பாடி போன்ற ஊர்களும் இதற்கு விலக்கல்ல.
* வெள்ளம்: 2015 நவம்பர், டிசம்பர் மாதப் பெருமழையில் குறிஞ்சிப்பாடி வட்டத்தின் தாழ்வான ஊர்கள் நீரில் மூழ்கின. பரவனாறும் பெருமாள் ஏரியும் அமைந்த இப்பகுதியில் வடிகால் மெதுவாகவே நிகழும். வீட்டுத் தரையில் வைக்கப்படும் மேசைக் கணினியின் பெட்டியே முதலில் நனையும்.
* வெப்பமும் ஈரக்காற்றும்: கடலோர ஈரக்காற்றில் மின்சுற்றுப் பலகையின் தொடுமுனைகள் நாளடைவில் கருத்துப்போகக்கூடும்.

மின்சாரம் திடீரென நின்றால் தலைகள் தட்டில் விழுந்துவிடும் என்று பலர் எண்ணுவர். உண்மையில், தட்டுகள் ஓய்வதற்குள் அச்சுழற்சியிலிருந்தே சிறிதளவு மின்சாரம் பெறப்பட்டுத் தலைகள் பாதுகாப்பான இடத்திற்குத் திரும்பும்படி வன்தட்டுகள் வடிவமைக்கப்பட்டுள்ளன. எனவே மின்வெட்டினால் பெரிதும் நேர்வது தருக்கப் பழுதே. இது மீட்கத்தக்கது.

முதலில் செய்ய வேண்டியவை

பழுது தோன்றியவுடன் கணினியை நிறுத்துதல் வேண்டும். பிறகு ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும்: வேண்டியது வன்தட்டா, அதிலுள்ள தரவா? வன்தட்டு கடையில் கிடைக்கும் பொருள். திருமணப் படங்கள், மறைந்தவர்களின் ஒளிப்படங்கள், ஆய்வேடு, கடைக்கணக்கு ஆகியவற்றுக்குப் படிகள் இல்லையெனில் அவை மீண்டும் கிடையா. தரவு வேண்டுமெனில், வன்தட்டைச் சீராக்க முனையும் எந்தச் செயலையும் தரவை எடுத்த பின்னரே மேற்கொள்ள வேண்டும்.

விண்டோஸ் இயங்குதளம், பழுதான வன்தட்டினைக் கண்டவுடன் அதனை வடிவமைக்க வேண்டுமா என்று கேட்பதுண்டு. இல்லை என்றே விடையளிக்க வேண்டும். அவ்வாறே வட்டுச் சரிபார்ப்பு நிரலையும் இயக்கலாகாது. அது கோப்பு முறைமையை ஒழுங்குபடுத்தும் நோக்கில் வன்தட்டில் எழுதும். மீட்கக்கூடியதாக இருந்த கோப்புகள் அதனால் துண்டு துண்டாகிவிடலாம்.

ஒலியைக் கொண்டு அறிதல்

வன்தட்டின் ஒலி சிறந்த அறிகுறியாகும். மின்சாரம் கொடுத்துச் சில நொடிகள் மட்டும் செவியுற்று நிறுத்திவிட வேண்டும்.

* இயல்பான சுழற்சி ஒலி, ஆனால் கோப்புகள் தெரியவில்லை - தருக்கப் பழுது அல்லது நிலைப்பொருள் பழுது.
* ஒலியே இல்லை, அதிர்வும் இல்லை - மின்வழங்கி, கம்பி அல்லது மின்சுற்றுப் பலகைப் பழுது.
* மெல்லிய கீச்சொலி, சுழற்சி இல்லை - தலைகள் தட்டில் ஒட்டிக்கொண்டன அல்லது மின்னோடி சிக்கியுள்ளது.
* சீரான இடைவெளியில் 'டிக் டிக்' ஒலி - தலைப் பழுதாக இருக்கலாம். போதிய மின்சாரம் கிடைக்காத போதும் இவ்வொலி எழும்.
* உராயும் ஒலி - தலை தட்டைச் சுரண்டுகிறது. உடனே நிறுத்த வேண்டும். மீண்டும் இயக்கக் கூடாது.

வீட்டில் செய்யத்தக்க சோதனைகள்

பின்வருவனவற்றை எளியதிலிருந்து கடினமானதை நோக்கி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதிக்க வேண்டும்.

1. தரவுக் கம்பியை மாற்றுக. சாட்டா கம்பி தளர்வதாலேயே வன்தட்டு விட்டுவிட்டுத் தெரிதல் உண்டு.
2. தாய்ப்பலகையில் வேறு செருகுவாயிலும், மின்வழங்கியில் வேறு மின்முனையிலும் பொருத்துக.
3. பழைய ஐ.டி.இ. வகையெனில் முதன்மை, துணை என்பதைக் குறிக்கும் இணைப்பூசியின் நிலையைச் சரிபார்க்க.
4. வெளிப்புற வன்தட்டெனில், குறுகிய வேறு யூ.எஸ்.பி. கம்பியைக் கொண்டு மேசைக் கணினியின் பின்புறச் செருகுவாயில் இணைக்க. 2.5 அங்குல வன்தட்டுகள் இக்கம்பி வழியாகவே மின்சாரம் பெறுகின்றன. மின்சாரம் குறைந்தால் 'டிக் டிக்' ஒலி எழும்.
5. வெளிப்புறப் பெட்டியிலிருந்து வன்தட்டைக் கழற்றிக் கணினியில் நேரடியாக இணைக்க. சில வகைகளில் யூ.எஸ்.பி. செருகுவாய் வன்தட்டின் பலகையிலேயே அமைந்திருக்கும்; வேறு சிலவற்றில் பெட்டியின் சுற்று தரவுகளை மறைகுறியாக்கும். அவற்றில் இம்முறை பயனளிக்காது.
6. பயாஸ் திரையில் வன்தட்டின் பெயரும் கொள்ளளவும் சரியாகத் தெரிகின்றனவா எனப் பார்க்க. இரண்டும் சரியெனில் பழுது பெரும்பாலும் தருக்கப் பழுதோ பரப்புப் பழுதோ ஆகும். கொள்ளளவு சுழியம் என்றோ பொருளற்ற பெயரோ தெரிந்தால் நிலைப்பொருள் பழுது எனக் கொள்ளலாம்.

ஸ்மார்ட் அளவீடுகள்

வன்தட்டுகள் தம் உடல்நிலையைத் தாமே பதிவுசெய்யும் வசதிக்கு ஸ்மார்ட் என்று பெயர். இதனைப் படிக்க இலவச மென்பொருள்கள் உள்ளன. அதில் கவனிக்க வேண்டியவை:

* 5 ஆம் எண் - மாற்றிடம் ஒதுக்கப்பட்ட பிரிவுகள்.
* 197 ஆம் எண் - படிக்க இயலாமல் முடிவு நிலுவையிலுள்ள பிரிவுகள்.
* 198 ஆம் எண் - திருத்த இயலாத பிரிவுகள்.
* 199 ஆம் எண் - தரவுப் பரிமாற்றப் பிழைகள். இது மட்டும் உயர்ந்திருந்தால் குற்றம் பெரும்பாலும் கம்பியினுடையதே.

2007 ஆம் ஆண்டு கூகிள் நிறுவன ஆய்வாளர்கள் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டனர். முதல் பரப்புப் பிழை தோன்றிய வன்தட்டு அடுத்த 60 நாட்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு, பிழையற்றதைக் காட்டிலும் 39 மடங்கு மிகுதி என அவ்வாய்வு கூறுகிறது. அதே வேளையில், செயலிழந்தவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு அளவீடுகளில் எவ்வித முன்னறிவிப்பும் தரவில்லை. ஆகவே ஸ்மார்ட் எச்சரித்தால் நம்ப வேண்டும். எச்சரிக்கவில்லை என்பதால் அமைதி கொள்ளலாகாது.

படியெடுத்து மீட்டல்

வன்தட்டு சுழன்று, பயாசில் சரியாகத் தெரிந்து, உராயும் ஒலியோ தொடர்ந்த 'டிக் டிக்' ஒலியோ இல்லையெனில் வீட்டிலேயே தரவுகளை மீட்க முயலலாம். கோப்புகளை ஒவ்வொன்றாக இழுத்து நகலெடுப்பது நலிந்த வன்தட்டைக் களைப்படையச் செய்யும். முழு வன்தட்டையும் தொடக்கம் முதல் இறுதி வரை படியெடுத்து, பின்னர் அப்படியில் தேடுவதே சரியான முறையாகும்.

1. மீட்கப்படும் வன்தட்டுக்கு நிகரான அல்லது கூடுதலான கொள்ளளவுடைய நல்ல வன்தட்டு ஒன்றை ஆயத்தம் செய்க.
2. நிறுவாமலேயே இயங்கும் லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை யூ.எஸ்.பி. குச்சியிலிருந்து தொடங்குக. விண்டோஸ் தானாகவே வன்தட்டில் எழுத முனைவதால் அதனைத் தவிர்த்தல் நன்று.
3. குனூ டிடிரெஸ்கியூ என்னும் கட்டற்ற மென்பொருளைக் கொண்டு படியெடுக்க. எதிலிருந்து எதற்கு என்பதை வரிசை எண்ணையும் கொள்ளளவையும் ஒப்பிட்டு இருமுறை சரிபார்க்க. இடம் மாறினால் வெற்று வன்தட்டு பழுதானதன் மேல் எழுதப்பட்டு யாவும் அழியும்.
4. படியெடுத்து முடித்தபின் பழைய வன்தட்டைக் கழற்றித் தனியே வைக்க. தேடல் அனைத்தும் படியிலேயே நிகழ வேண்டும்.

டிடிரெஸ்கியூ முதலில் எளிதில் படிக்கக்கூடிய பகுதிகளை எடுத்துவிட்டு, கெட்ட இடங்களைத் தாண்டிச் சென்று, இறுதியில் அவற்றிற்குத் திரும்பும். எவையெவை எடுக்கப்பட்டன என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்ளும். இக்கோப்பு நல்ல வன்தட்டிலோ வேறொரு குச்சியிலோ சேமிக்கப்பட்டிருந்தால், மின்வெட்டு ஏற்பட்டாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நலமான 500 கிகாபைட்டு வன்தட்டினை நொடிக்கு 80 மெகாபைட்டு வேகத்தில் படியெடுக்க ஏறத்தாழ 1 மணி 45 நிமிடம் ஆகும். கெட்ட பிரிவுகள் மிகுந்தால் இது சில நாட்களாகவும் நீளலாம். அக்காலம் முழுவதும் சிறு மின்விசிறி ஒன்றினால் வன்தட்டைக் குளிர்வித்தல் நலம்.

அழிந்த பகிர்வுகளைப் படியிலிருந்து கண்டெடுக்க டெஸ்ட்டிஸ்க் என்னும் மென்பொருளும், கோப்பு முறைமை முற்றிலும் சிதைந்தபோது படங்கள், ஆவணங்கள் ஆகியவற்றை அவற்றின் உள்ளமைப்பைக் கொண்டு அடையாளம் காண போட்டோரெக் என்னும் மென்பொருளும் உதவும். இரண்டும் கட்டற்றவை, கிறிஸ்டோஃப் கிரெனியே என்பவரால் உருவாக்கப்பட்டவை. போட்டோரெக் மீட்கும் கோப்புகளுக்குப் பழைய பெயர்கள் இரா.

மின்சுற்றுப் பலகையைச் சீராக்கல்

பலகை வன்தட்டின் வெளிப்புறத்தில் இருப்பதால் தட்டுகளைத் திறக்காமலேயே அதனைக் கழற்றலாம். இதற்கு நட்சத்திர முனைத் திருப்புளி தேவை. பலகையின் உட்புறத்தில் தலைகளுக்குச் செல்லும் தொடுமுனைகள் கருத்திருந்தால், பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்து மீண்டும் பொருத்தலாம். கடலோர ஊர்களில் இவ்வெளிய முறை பயனளிக்கும் வாய்ப்பு உண்டு.

மின்னழுத்த ஏற்றத்தின்போது தன்னையே பலி கொடுத்துப் பலகையைக் காக்கும் இருமுனையங்கள் 5 வோல்ட்டு, 12 வோல்ட்டு மின்வழிகளில் உள்ளன. இவற்றுள் ஒன்று குறுக்குச்சுற்றானால் வன்தட்டு முற்றிலும் ஓசையற்றுப்போகும். பற்றவைப்பில் பழக்கமுள்ளவர் அதனை அகற்றினால் வன்தட்டு உயிர்பெறுவதுண்டு. ஆனால் அதன்பின் பாதுகாப்பு ஏதுமில்லை. நம்பகமான மின்வழங்கியில் ஒருமுறை இயக்கித் தரவுகளை எடுத்துக்கொள்ள மட்டுமே இது தகும்.

அதே மாதிரி வேறு வன்தட்டின் பலகையைப் பொருத்தினால் போதும் என்பது பழைய வன்தட்டுகளுக்கே பொருந்தும். ஏறத்தாழ அனைத்துப் புதிய வகைகளிலும் அந்தந்த வன்தட்டுக்கே உரிய அளவீடுகள் பலகையிலுள்ள ஒரு சில்லில் பொறிக்கப்பட்டுள்ளன. அச்சில்லையும் மாற்றிப் பற்றவைக்காவிடில் வன்தட்டு இயங்காது.

நீரில் நனைந்த வன்தட்டு

* மின்சாரம் கொடுத்துப் பார்க்கக் கூடாது. நீருடன் உட்புகுந்த சேறு, சுழலும் தட்டைக் கீறிவிடும்.
* வெயிலிலோ, முடியுலர்த்தியாலோ, அரிசியில் புதைத்தோ உலர்த்தக் கூடாது. நீர் வற்றும்போது உப்பும் வண்டலும் தட்டின் மேல் படிந்து இறுகும், தலைகளும் ஒட்டிக்கொள்ளும்.
* வெளிப்புறச் சேற்றை மட்டும் துடைத்து, ஈரமான பஞ்சுடன் நெகிழிப் பையில் இட்டு மூடி, இயன்ற விரைவில் மீட்பு ஆய்வகத்திற்கு அனுப்ப வேண்டும். அங்கு தூசியற்ற சூழலில் தட்டுகள் கழுவப்பட்டுப் படிக்கப்படும்.
* ஒரு வன்தட்டின் பெட்டிக்கு வெளிப்புறத்தில் மட்டும் நீர் தெறித்து, மூச்சுத்துளை வரை நனையவில்லை என உறுதியாகத் தெரிந்தால் மட்டும், பலகையைக் கழற்றித் தூய்மைப்படுத்தி உலர்த்திப் பொருத்தலாம்.

தவறான நம்பிக்கைகள்

* குளிர்பதனப் பெட்டியில் வைத்தல்: உலோகம் சுருங்குவதால் சிக்கிய பாகம் விடுபடும் என்பது இதன் அடிப்படை. பழைய வன்தட்டுகள் சிலவற்றில் சிறிது நேரம் பயன் தந்திருக்கலாம். வெளியே எடுத்தவுடன் ஈரக்காற்றின் நீராவி தட்டின் மேல் பனியாகப் படியும் என்பதால், கடலூர் போன்ற கடலோர மாவட்டங்களில் இது மிகத் தீங்கானது.
* தட்டுதல்: 1990களுக்கு முந்தைய வன்தட்டுகளில் ஒட்டிய தலைகள் சில வேளை விடுபட்டன. இன்றைய நுண்ணிய தலைகள் இதனால் உடையும்.
* திறந்து பார்த்தல்: சாதாரண அறையின் காற்றில் மூடியைத் திறந்தால் தூசி படிந்து தட்டுகள் கெடும்.

ஆய்வகத்தை நாடுதல்

உராயும் ஒலி, தொடர்ந்த 'டிக் டிக்' ஒலி, சுழலாத மின்னோடி, நீர் புகுதல் ஆகிய நிலைகளில் ஆய்வகமே வழி. குறிஞ்சிப்பாடி போன்ற சிற்றூர்களிலிருந்து இதற்காகச் சென்னை போன்ற பெருநகரங்களை நாட வேண்டியிருக்கும். அங்குச் செல்லுமுன் வன்தட்டு எத்தனை முறை இயக்கப்பட்டது, திறக்கப்பட்டதா என்பனவற்றை மறைக்காமல் கூறுதல் வேண்டும். மீட்கக் கிடைத்த கோப்புகளின் பட்டியலைக் கண்ட பின்னரே பணம் செலுத்தும் உடன்பாடு பயனருக்குப் பாதுகாப்பானது.

2003 பெப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவருடன் சிதறிய கொலம்பியா விண்ணோடத்தின் எச்சங்களில் கிடைத்த வன்தட்டு ஒன்றிலிருந்து, அமெரிக்காவின் ஆன்ட்ராக் நிறுவனம் ஏறத்தாழ 99 விழுக்காடு தரவுகளை மீட்டது. செனான் வளிமத்தின் பாகுநிலை பற்றிய அவ்வாய்வின் முடிவுகள் 2008 ஆம் ஆண்டு வெளியாயின. வெளிப்பாகங்கள் கருகியிருந்தும், தரவு எழுதப்பட்ட பரப்பு பெரிதும் சேதமுறாமல் தப்பியதே இவ்வெற்றிக்குக் காரணம். தோற்றத்தைக் கண்டு வன்தட்டை எறிந்துவிடலாகாது என்பதற்கு இது சான்று.

மீட்டபின் வன்தட்டைப் பயன்படுத்தல்

தரவுகளை எடுத்தபின், வன்தட்டு முழுவதும் சுழியங்களை எழுதினால் நிலுவையிலுள்ள கெட்ட பிரிவுகளுக்கு மாற்றிடம் ஒதுக்கப்படும். அதன்பின் ஸ்மார்ட் அளவீடுகள் சில வாரங்கள் மாறாதிருந்தால், முதன்மையற்ற பயன்பாட்டிற்கு அவ்வன்தட்டினை வைத்துக்கொள்ளலாம். அளவீடுகள் தொடர்ந்து ஏறினால் அதனை விலக்குதலே தக்கது. தருக்கப் பழுது மட்டும் இருந்த வன்தட்டினை வடிவமைத்து வழக்கம்போல் பயன்படுத்தலாம்.

திண்மநிலைச் சேமிப்பகங்கள்

இவற்றில் ஒலி எழாது. பழுது முன்னறிவிப்பின்றி வரக்கூடும். அழித்த கோப்புகளின் இடத்தை இயங்குதளத்தின் டிரிம் கட்டளை வழியாக இவை தாமே வெறுமையாக்குவதால், தவறுதலாக அழித்தவற்றை மீட்டல் பெரும்பாலும் இயலாது. எனவே இவற்றிற்குக் காப்புநகல் இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

தடுப்பு முறைகள்

* மூன்று படிகள், இரு வேறு வகை ஊடகங்கள், ஒன்று வேறிடத்தில் என்பது காப்புநகலுக்கான பரவலான விதியாகும். வெள்ளம் சூழும் பகுதிகளில் வேறிடம் என்பது அடுத்த அறையன்று. வேறூரில் உள்ள உறவினர் வீடோ, இணையவழிச் சேமிப்பகமோ ஆகும்.
* கணினிப் பெட்டியைத் தரையில் வைக்காமல் மேசை மேல் வைத்தல். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இது குறிப்பாகத் தேவை.
* யூ.பி.எஸ். பயன்படுத்தல். வீட்டு இன்வெர்ட்டர் மாறும் இடைவெளியில் கணினி அணையக்கூடும், யூ.பி.எஸ். நிலை உள்ள இன்வெர்ட்டர்களில் அதனைத் தெரிவுசெய்ய வேண்டும்.
* மின்சாரம் நின்று மீளும்போதும், இடியின்போதும் கணினியின் செருகியைக் கழற்றி வைத்தல்.
* மடிக்கணினியை இயங்கும் நிலையில் பையில் இட்டுப் பேருந்தில் எடுத்துச் செல்லாமை.
* காப்புநகலிலிருந்து ஒரு கோப்பையேனும் அவ்வப்போது திறந்து பார்த்தல். திறந்து பார்க்கப்படாத காப்புநகல் இருப்பதாகக் கருத இயலாது.

இவற்றையும் பார்க்க

* வன்தட்டு
* கோப்பு முறைமை
* காப்புநகல்
* கட்டற்ற மென்பொருள்
* தானே புயல்
* குறிஞ்சிப்பாடி

பகுப்புகள்: கணினி வன்பொருள் | தரவுச் சேமிப்பு